வீட்டு நம்பரைத் தொலைக்காமல் நெட் கம்பெனி மாற்றுவது: பிரிட்டனில் இருப்பவர்களுக்குக் கோளாறு வாரியாக

லண்டனில் தமிழ் வீடுகளில் லேண்ட்லைன் போனை இப்போது யாரும் ஆசையாக எடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்த நம்பரை விட்டுவிடலாமா என்று கேட்டுப் பாருங்கள், சண்டை வரும். யாழ்ப்பாணத்தில் அம்மா காலண்டருக்குப் பின்னால் எழுதி வைத்திருப்பது அந்த நம்பர். கோயில் ரசீது, டாக்டர் சர்ஜரி, இருபது வருஷத்துக்கு முன் திறந்த வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது.

இனி அதை அப்படியே விட்டு வைக்கவும் முடியாது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசி அமைப்பை 2027 ஜனவரி 31-ஆம் தேதி நிறுத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். முதலில் 2025 டிசம்பர் என்றார்கள், அப்புறம் தள்ளிப்போட்டார்கள். 2023 செப்டம்பரிலிருந்தே புதிதாகச் செப்பு லேண்ட்லைன் கொடுப்பதை, தெருக் கம்பிகளை வைத்திருக்கும் ஓப்பன்ரீச் நிறுத்திவிட்டது. ஆக, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் வீட்டுப் போன் இண்டர்நெட் வழியாகத்தான் வேலை செய்யப் போகிறது. பி.டி. இதை டிஜிட்டல் வாய்ஸ் என்கிறது, மற்றவர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பொதுப் பெயர் வி.ஓ.ஐ.பி., வாயால் சொல்லும்போது வாய்ப். பேசுகிற சமாசாரத்துக்கு நமக்கு வசதியான பெயர்தான்.

சொந்தக்காரர், தெரிந்தவர் என்று பல வீடுகளில் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். வருகிற புகார்கள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும் என்பதால் புகார் வாரியாகவே எழுதுகிறேன். ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்கள் தங்கள் தலைப்புக்கு நேராகப் போகலாம். இன்னும் ஆர்டர் போடாதவர்கள் முதல் பகுதியைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

## ஆர்டர் போடும் முன்

பழைய கம்பெனிக்குப் போன் செய்து "லைனை நிறுத்துங்கள்" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். நான் பார்த்த இழப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு போன்காலில் தொடங்கியவை. லைன் உயிரோடு இருக்கும்போதுதான் நம்பரை வேறு இடத்துக்குச் சிக்கலின்றி எடுத்துப் போக முடியும். நம்பரைப் புதுக் கம்பெனிதான் இழுக்க வேண்டும். இழுத்து முடிந்ததும் பழைய லைன் தானாக மூடிக்கொள்ளும்.

அடுத்து, நீங்கள் எந்த வகை என்று பாருங்கள். நெட், போன் இரண்டையும் ஒரே புதுக் கம்பெனிக்குக் கொண்டுபோனால் வேலை சுலபம். 2024 செப்டம்பர் 12-இல் வந்த ஒன் டச் ஸ்விட்ச் முறையில் புதுக் கம்பெனியிடம் மட்டும் பேசினால் போதும். ஆர்டர் போடும்போது "இருக்கிற நம்பரையே வைத்துக்கொள்கிறேன்" என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்களா என்பதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். சில இணையப் பக்கங்களில் போன் என்பது கூடுதல் சேவையாகக் கடைசியில் ஒளிந்திருக்கும்.

புதுக் கம்பெனி போன் சேவையே தராவிட்டால் நம்பரைத் தனியாக ஒரு வாய்ப் கம்பெனியிடம் வைக்க வேண்டும். சின்ன ஃபைபர் கம்பெனிகள் பல அப்படித்தான். சிக்கல் எல்லாம் இந்த வகையில்தான் வருகிறது. சரியான வரிசை இது: புது ஃபைபரைத் தனி இணைப்பாக முதலில் போடுங்கள், பழையது பக்கத்தில் ஓடட்டும். வாய்ப் கணக்கு திறந்து, அவர்கள் தரும் தற்காலிக நம்பரில் போன் அடிக்கிறதா, பேச்சு கேட்கிறதா என்று சில நாள் சோதியுங்கள். எல்லாம் சரி என்றான பிறகு நம்பரை மாற்ற விண்ணப்பியுங்கள். சில வாரங்களுக்கு இரண்டு பில் கட்ட வேண்டியிருக்கும். அந்தக் காசைப் பார்த்துத்தான் பலரும் வரிசையை மாற்றுகிறார்கள், பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

மூன்றாவது வகை, நீங்கள் கம்பெனி மாறாமல், இப்போது இருக்கிற கம்பெனியே உங்களை டிஜிட்டலுக்கு மாற்றுவது. நம்பருக்கு ஆபத்தில்லை. பிரச்சினை வந்தால் வயரில்தான் வரும். "டயல் டோன் இல்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.

## "உங்கள் விவரங்கள் பொருந்தவில்லை" என்று வருகிறது

ஒன் டச் ஸ்விட்ச் வேலை செய்வது இப்படி: நீங்கள் கொடுக்கும் பெயர், முகவரி, கணக்கு எண் அல்லது போன் நம்பரைப் புதுக் கம்பெனி பழைய கம்பெனிக்கு அனுப்புகிறது. அங்கே இருக்கும் பதிவோடு ஒத்துப்போனால்தான் அடுத்த படி.

நம் ஆட்களுக்கு இது மற்றவர்களை விட அதிகம் இடறுகிறது. காரணம், பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். பத்து வருஷம் முன்பு போன் எடுத்தபோது யாரோ ஒரு ஊழியர் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார். நீளமான பெயரைப் பாதியில் வெட்டியிருப்பார்கள். "த" வருகிற பெயரில் ஆங்கில எச் ஒரு இடத்தில் இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது. கணவர் பெயரில் இருக்கும் லைனுக்கு மனைவி ஆர்டர் போடுவதும் சகஜம்.

எது சரியான பெயர் என்பது இங்கே முக்கியமில்லை. பழைய பில்லில் என்ன அச்சாகி இருக்கிறதோ, பிழையோடு இருந்தாலும் அதையே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். பழைய கம்பெனியில் பெயரைத் திருத்திவிட்டு வரலாம் என்று கிளம்பாதீர்கள். அந்தத் திருத்தமே லைன்மேல் இன்னும் முடியாத வேலையாக, அதாவது ஒரு திறந்த ஆர்டராக நின்று மாறுதலைத் தடுக்கக்கூடும்.

பெயர் சரியென்றால் முகவரியைப் பாருங்கள். வீட்டைப் பிரித்து மாடி, கீழ் என்று ஃபிளாட் ஆக்கிய இடங்களில் ஒரு பதிவில் "ஃபிளாட் 1" என்றும் இன்னொன்றில் "தரைத்தளம்" என்றும் இருக்கும். அப்புறம் பிராண்டு. பி.டி., ஈ.ஈ., பிளஸ்நெட் மூன்றும் ஒரே குழுமம்தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தால் பொருந்தாது. பில்லின் தலையில் எந்தப் பெயர் இருக்கிறதோ அது.

## பி.ஏ.சி. குறியீடு கேட்கிறார்கள், எங்கே வாங்குவது?

எங்கேயும் வாங்க முடியாது, ஏனென்றால் வீட்டு நம்பருக்கு அப்படி ஒன்று கிடையாது. நம்பரை வேறு கம்பெனிக்கு எடுத்துப் போக 65075-க்கு மெசேஜ் அனுப்பி வாங்கும் பி.ஏ.சி. குறியீடு மொபைலுக்கு மட்டும். கால்சென்டரில் அதைக் கேட்டால், பேசுகிறவர் மொபைல் பிரிவில் இருக்கிறார் என்று அர்த்தம். வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள்.

## நம்பரை மாற்றும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது

தனி வாய்ப் கம்பெனிக்கு நம்பரைக் கொண்டுபோகும்போது ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். சாதாரண ஒற்றை லைன் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் தேதி தருவார்கள். நிராகரித்தால் காரணம் ஒரே வரியில் வரும், பெரும்பாலும் புரியாத மொழியில். அவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

போஸ்ட்கோட் பொருந்தவில்லை என்றால், அவர்கள் கேட்பது லைன் பொருத்தப்பட்ட வீட்டின் போஸ்ட்கோட். பில் மகன் வீட்டுக்குப் போகிறது என்பதற்காக அதைப் போட்டிருப்பீர்கள்.

நம்பர் தவறு என்றால், முதலில் லண்டன்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லண்டனின் ஊர்க் குறியீடு 020. அதற்குப் பிறகு எட்டு இலக்கம். 0208 என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் 2000-க்கு முந்தைய 0181 காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. படிவத்தில் குறியீட்டுக்குத் தனிப் பெட்டி இருந்தால் அங்கே 020 மட்டும் போடுங்கள். நம்பரே சந்தேகம் என்றால், ஓப்பன்ரீச் செப்பு லைனில் 17070 அடியுங்கள். அந்த லைனின் நம்பரை ஒரு குரல் வாசிக்கும். முன்னால் இருந்த வாடகைக்காரரின் நம்பரைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருவரை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

திறந்த ஆர்டர் இருக்கிறது என்றால், யாரோ அந்த லைனில் வேறு வேலை கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நீங்கள்தான், லைனை நிறுத்தச் சொன்னதாக இருக்கும். உடனே பழைய கம்பெனியைக் கூப்பிட்டு அந்த நிறுத்த ஆர்டரை ரத்து செய்யுங்கள். ரத்தான பிறகு ஓரிரு நாள் விட்டு மறுபடி விண்ணப்பியுங்கள்.

உங்கள் நம்பரை எங்களால் எடுக்க முடியாது என்று புதுக் கம்பெனியே சொன்னால் அதில் பொய் இருக்காது. அந்த நம்பர் தொகுதியை முதலில் வைத்திருந்த கம்பெனியோடு இவர்களுக்கு ஏற்பாடு இருக்க வேண்டும். எல்லாச் சின்னக் கம்பெனிக்கும் எல்லோரோடும் ஏற்பாடு இருக்காது. வாதாடிப் பயனில்லை, வேறு வாய்ப் கம்பெனியைப் பாருங்கள். கணக்குத் திறக்கும் முன்பே நம்பரைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது.

## நம்பர் மாறியது, அன்றைக்கே நெட்டும் போனது

பழைய செப்பு லைனில் ஏ.டி.எஸ்.எல். (முழுக்கச் செப்பிலேயே வரும் நெட்), அல்லது தெருப்பெட்டி வரை ஃபைபரும் அங்கிருந்து வீட்டுக்குச் செம்பும் என்ற வகை பிராட்பேண்ட் ஓடினால், நெட் அந்தப் போன் லைனின் முதுகில் சவாரி செய்கிறது. நம்பரை எடுத்துப் போனதும் லைன் மூடப்படும், சவாரி செய்தது விழும். இது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. சொல்லத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஏற்கெனவே டிஜிட்டல் லைனுக்கு மாறியவர்களுக்குக் கம்பி அறுபடாது. ஆனால் இரண்டையும் ஒரே தொகுப்பாக விற்றவர்கள் கணக்கையே மூடிவிடக்கூடும். கேட்டு, எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நெட் போய்விட்டது என்றால் பழையதை உயிர்ப்பிக்க ஓடாதீர்கள். செப்பு லேண்ட்லைனாக அது திரும்பாது. வீட்டுக்கு ஃபைபர் கிடைக்குமா என்று பார்த்துப் புது ஆர்டர் போடுங்கள். இல்லாவிட்டால் போன் இல்லாத தனி பிராட்பேண்டாக அதே செப்பில் கேளுங்கள். வரும்வரை மொபைலில் ஹாட்ஸ்பாட். நம்பர் பத்திரமாக வாய்ப் கம்பெனியில் இருக்கிறது, அவர்கள் செயலியை மொபைலில் போட்டால் அழைப்புகளும் வரும்.

உங்கள் வீட்டுக்கு ஃபைபரே இல்லை, புது பிராட்பேண்டும் அதே ஒரே செப்புக் கம்பியில்தான் வரப்போகிறது என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட முடியாது. அப்படிப்பட்டவர்கள் நம்பரையும் சேர்த்து எடுக்கிற பிராட்பேண்ட் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். தனி வாய்ப் ஆசை இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## புது நெட் வந்தது, பழைய நம்பர் செத்துவிட்டது

ஈஸ்ட் ஹாமில் ஒரு மாமி. "தம்பி, புது நெட் நல்லா வேலை செய்யுது, ஆனா நம்பர் பாவனையில இல்லை எண்டு ஒருத்தி சொல்லுறாள்" என்றார். நடந்தது இதுதான்: போன் சேவை தராத ஒரு கம்பெனிக்கு நெட்டைத் தனி இணைப்பாகப் போடாமல் மாற்றுதலாகப் போட்டிருக்கிறார்கள். அது பழைய கணக்கை முழுதாக மூடிவிட்டது. மூடப் போகிறோம், லேண்ட்லைனுக்கு இன்னது நடக்கும் என்று பழைய கம்பெனி மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. ஆனால் அது பேரனின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. பேரன் லீட்ஸில் படிக்கிறான்.

இங்கே நாட்கணக்கு முக்கியம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒரு மாதம் வரை நம்பரை மாற்றக் கேட்கும் உரிமை, போன் கம்பெனிகளை மேற்பார்க்கும் ஆஃப்காம் அமைப்பின் விதிகளில் உண்டு. கால்சென்டரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் இது தெரியாது, "மூடிவிட்டோம், ஒன்றும் செய்ய முடியாது" என்பார். நம்பரை எடுத்துக்கொள்ளப் போகும் கம்பெனியிடம் முதலில் போங்கள். "மூடி இத்தனை நாள் ஆகிறது, ஒரு மாதத்துக்குள் இருக்கிறேன்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். அவர்கள் முயற்சி நிராகரிக்கப்பட்டால், பழைய கம்பெனியிடம் அந்த நம்பரை ஒரு டிஜிட்டல் லைனில் மறுபடி உயிர்ப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். உயிர் வந்ததும் மாற்றிவிடலாம். வேறொருவருக்கு ஒதுக்கிவிட்டால் கதை முடிந்தது.

மாமிக்கு நம்பர் கிடைத்தது. பதினொரு போன்கால்கள், மூன்று வாரம்.

## சிலருடைய அழைப்பு வருகிறது, சிலருடையது வருவதில்லை

எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு இது. அக்கா கூப்பிட்டால் மணி அடிக்கிறது. பெரியப்பா கூப்பிட்டால் "இந்த நம்பர் இல்லை" என்று வருகிறது. வீட்டில் பெட்டியைக் கழற்றி மாட்டுவார்கள், ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள். கோளாறு வீட்டில் இல்லவே இல்லை.

பிரிட்டனில் ஒரு வீட்டு நம்பரை மாற்றும்போது அந்த நம்பர் ஒரு பொதுப் பதிவேட்டில் இடம் மாறுவதில்லை. அழைப்பு முதலில், அந்த நம்பர் தொகுதியை ஆரம்பத்தில் வாங்கியிருந்த கம்பெனிக்கே போகிறது. அவர்கள்தான் "இது இப்போது அங்கே இருக்கிறது" என்று உங்கள் புதுக் கம்பெனிக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஊரை விட்டுப் போனவருக்கு வரும் கடிதத்தைப் பழைய ஊர்த் தபால்காரரே மேல்விலாசம் மாற்றி அனுப்புகிற மாதிரி. பத்து வருஷத்தில் மூன்று கம்பெனி மாறியிருந்தாலும் முதல் கம்பெனியின் கை இன்னும் அதில் இருக்கிறது.

நீங்கள் கடைசியாக விட்டு வந்த கம்பெனி தன் அமைப்பிலிருந்து உங்கள் நம்பரை அழிக்க மறந்துவிட்டால், அவர்களுடைய மற்ற வாடிக்கையாளர்கள் உங்களைக் கூப்பிடும்போது அழைப்பு வெளியே போகாது. உள்ளேயே தேடி, மூடிய லைனைக் கண்டு, "இல்லை" என்று சொல்லிவிடும். பெரியப்பா அந்தக் கம்பெனியின் ஆள். அக்கா வேறு கம்பெனி.

சோதிக்கும் விதம் எளிது. வெவ்வேறு மொபைல் கம்பெனி சிம்மிலிருந்தும், பழைய கம்பெனியின் லேண்ட்லைன் வைத்திருக்கும் ஒருவரிடமிருந்தும் கூப்பிடச் சொல்லுங்கள். யார், எந்தக் கம்பெனி, எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன கேட்டது என்று எழுதுங்கள். நாலைந்து வரி போதும். அந்தப் பட்டியலைப் புதுக் கம்பெனிக்கு அனுப்புங்கள், பழையதற்கு அல்ல. பழைய கம்பெனிக்கு நீங்கள் இப்போது வாடிக்கையாளர் இல்லை, உங்கள் குரல் அங்கே எடுபடாது. இரு கம்பெனிகளின் நம்பர் மாற்றும் பிரிவுகள் தங்களுக்குள் பேசித்தான் இது தீரும்.

மாறிய முதல் நாள் மட்டும் இப்படி இருந்தால் மறுநாள் வரை பொறுங்கள்.

## டயல் டோன் இல்லை

போன் இன்னும் சுவரில் சொருகியிருக்கிறதா? அதைப் பிடுங்கி ரவுட்டரின் பின்னால் இருக்கும் போன் துளையில் சொருகுங்கள். வாய்ப் கம்பெனி என்றால், சாதாரணப் போனை இண்டர்நெட்டோடு இணைக்கும் ஏ.டி.ஏ. என்ற சின்னப் பெட்டியில். கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி. 801 பலரும் வாங்குவது, ஒரு போனுக்குப் போதும். 802-இல் இரண்டு துளை. பத்தில் ஏழு வீட்டில் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

மாடியில், சமையலறையில் எல்லாம் நீட்டி இழுத்த பழைய சாக்கெட்டுகள் இனிமேல் தானாக வேலை செய்யாது. அடிப்பெட்டி ஒன்றும் கைபேசிகள் மூன்று நான்கும் வரும் கார்ட்லெஸ் செட் வாங்கி, அடிப்பெட்டியை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைப்பதே மலிவு. பழைய வயரிங்கையே பயன்படுத்துவேன் என்று ஏ.டி.ஏ.வைச் சுவர்ச் சாக்கெட்டில் சொருகும் கைவேலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வெளியிலிருந்து வரும் கம்பியை முதலில் வீட்டு வயரிங்கிலிருந்து முழுதாகப் பிரித்தாக வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து 50 வோல்ட் வந்துகொண்டிருந்தால் பெட்டி போய்விடும். அதே செப்பில் உங்கள் பிராட்பேண்ட் வந்தால் இதில் கையே வைக்காதீர்கள்.

சரியான துளையில் சொருகியும் டோன் இல்லையென்றால் ஏ.டி.ஏ.வின் போன் விளக்கைப் பாருங்கள். எரியவில்லை என்றால் கணக்கோடு இணையவில்லை. பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் பெயர் மூன்றில் ஒன்று தவறு. சின்ன எல், பெரிய ஐ, எண் ஒன்று மூன்றும் ஒரே மாதிரி தெரியும், கையால் அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

## கூப்பிட முடிகிறது, ஆனால் மணி அடிப்பதில்லை

இதில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. உங்கள் மொபைலிலிருந்து வீட்டு நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே, வீட்டுப் போனை எடுத்துக் காதில் வையுங்கள். அழைப்பு கிடைத்துவிட்டதென்றால் அது வந்திருக்கிறது, மணிதான் ஒலிக்கவில்லை. காரணம், பிரிட்டிஷ் போன் சொருகி. இங்கே பழைய போன்களுக்கு மணி ஓசைக்கென்று தனியாக மூன்றாவது கம்பி உண்டு. அதற்கான மின்தேக்கி சுவரில் இருக்கும் தலைமைச் சாக்கெட்டுக்குள் இருந்தது. ஏ.டி.ஏ.வுக்கு வாங்கிய மலிவான மாற்றுச் சொருகியில் அது இல்லை. மணிக்கான மின்தேக்கி உள்ள மாற்றுச் சொருகி என்று கேட்டு வாங்குங்கள், சில பவுண்டுதான். புதுக் கார்ட்லெஸ் போன்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

போனை எடுத்தும் வெறும் டயல் டோன்தான் வருகிறது என்றால் அழைப்பு வீடு வரை வரவில்லை. நீங்கள் யாரையாவது கூப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் அழைப்புகள் வந்து, அப்புறம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் ரவுட்டர் வழியை மூடிவிடுகிறது. ஏ.டி.ஏ. அமைப்பில் பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறைத்து, இணைப்பை உயிரோடு வைக்கும் கீப்-அலைவ் தேர்வை இயக்குங்கள்.

## ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அல்லது அரை நிமிஷத்தில் அறுந்துவிடுகிறது

"நான் பேசுறது கேக்குதா, கேக்குதா" என்று கத்த வைக்கும் கோளாறு. அழைப்பை ஏற்படுத்தும் சிப் என்ற முறைக்கு உதவுவதாகப் பல ரவுட்டர்களில் சிப் ஏ.எல்.ஜி. (SIP ALG) என்று ஒரு வசதி இருக்கிறது. உதவியை விட அது கெடுப்பதே அதிகம். ரவுட்டர் அமைப்புப் பக்கத்தில் தேடி அதை அணையுங்கள். ஏ.டி.ஏ.வை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் சரியாக 32 விநாடி வாக்கில் அறுந்தால் சந்தேகமே வேண்டாம். அழைப்பு ஏற்கப்பட்டது என்ற உறுதிச் செய்தி வழியில் தொலைகிறது, மறுமுனை 32 விநாடி காத்திருந்துவிட்டு வைத்துவிடுகிறது. காரணம் மேலே சொன்னதாகவோ, வீட்டில் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் மாட்டியிருப்பதாகவோ இருக்கும். ஒன்றைப் பாலம்போல் வெறுமனே கடத்தும் முறைக்கு மாற்றுங்கள். சில ஃபைபர் கம்பெனிகள் பல வீட்டுக்கு ஒரே பொது இண்டர்நெட் முகவரியைப் பகிர்ந்து தருகின்றன. அங்கே ஸ்டன் சர்வர் (வெளியே தெரியும் முகவரியை ஏ.டி.ஏ.வுக்குச் சொல்வது) அல்லது வாய்ப் கம்பெனி தரும் வெளிப் ப்ராக்ஸி (அழைப்பை இடையில் நின்று கடத்தும் சர்வர்) முகவரியை ஏ.டி.ஏ.வில் போட்டால் சரியாகும்.

## சில்லறைக் கோளாறுகள்

கூப்பிடுபவர் நம்பர் திரையில் தெரியவில்லை: ஏ.டி.ஏ. அமெரிக்க முறையில் இருக்கிறது. கிராண்ட்ஸ்ட்ரீமில் காலர் ஐ.டி. முறையை சின் 227 பி.டி. என்று மாற்றுங்கள்.

வங்கியில் "ஒன்றை அழுத்துங்கள்" என்றால் அழுத்தியது பதிவாகவில்லை: பட்டன் ஓசை அனுப்பும் முறையை ஆர்.எஃப்.சி. 2833 என்று வையுங்கள்.

பக்கத்து வீட்டு நம்பரை ஊர்க் குறியீடு இல்லாமல் அடித்தால் போகவில்லை: இனி முழுதாக அடிக்க வேண்டியதுதான்.

1571 குரல் அஞ்சலும் 1471-உம் வேலை செய்யவில்லை: அவை பழைய கம்பெனியின் சேவைகள், நம்பரோடு வருவதில்லை. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பேச வாங்கிய மாதாந்தரத் திட்டமும் அப்படியே. மாறிய முதல் மாதம் வழக்கம்போல் கொழும்புக்கு ஒரு மணி நேரம் பேசிவிட்டு பில்லைப் பார்த்து மயங்கியவர்கள் உண்டு. வாய்ப் கணக்கில் செலவு வரம்பு ஒன்று வைத்துவிடுங்கள். யாராவது கடவுச்சொல்லைத் திருடினாலும் வெளிநாட்டுக்குப் பேசிக் காலி செய்ய முடியாது.

## கரண்ட் போனால் போனும் போகிறது

ஆம், போகும். பழைய லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியே வந்தது. இப்போது ரவுட்டர், ஃபைபர் பெட்டி, ஏ.டி.ஏ., கார்ட்லெஸ் அடிப்பெட்டி நான்குக்கும் உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும். மொபைல் நன்றாக எடுக்கும் வீட்டில் இது பெரிய விஷயமில்லை. வயதானவர் தனியாக இருக்கிறார், மொபைல் இல்லை அல்லது வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்றால் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், விலையை அல்ல. அப்படி லேண்ட்லைனையே நம்பி இருப்பவருக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரம் 999-ஐ அழைக்க வழி செய்து தர வேண்டும், அதுவும் இலவசமாக, என்பது ஆஃப்காம் வழிகாட்டல். தானாகத் தர மாட்டார்கள், கேளுங்கள். பேட்டரிப் பெட்டியோ மொபைல் வழி இயங்கும் போனோ தருவார்கள்.

கழுத்தில் மாட்டும் அவசரப் பொத்தான் இருக்கும் வீடு என்றால் நம்பரைத் தொடும் முன்பே அந்தப் பொத்தான் சேவைக்குப் போன் செய்யுங்கள். பழைய கருவி டிஜிட்டல் லைனில் வேலை செய்யாமல் போகலாம், மாற்றித் தரச் சொல்லுங்கள். மாறிய அன்றே அழுத்திப் பாருங்கள்.

வாய்ப் கணக்கில் 999-க்கான முகவரியை நிரப்ப ஓர் இடம் இருக்கும். வாய்ப் நம்பர் எந்த ஊரிலிருந்தும் பேசும் என்பதால் ஆம்புலன்ஸ் தேடிப் போவது அங்கே எழுதிய முகவரிக்குத்தான். மகன் வீட்டு முகவரியில் கணக்கைத் திறந்து அம்மா வீட்டில் பெட்டியை மாட்டியவர்கள் இன்றே போய்த் திருத்துங்கள்.

## இரண்டு கம்பெனியும் மற்றவரைக் கை காட்டுகிறது

போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்துப் புகாராக, "புகார்" என்ற சொல்லைத் தலைப்பில் போட்டு, புதுக் கம்பெனிக்கு அனுப்புங்கள். எப்போது ஆர்டர், எந்தத் தேதி சொன்னார்கள், என்ன நடந்தது என்று வரிசையாக. தீராவிட்டால், இனி எங்களால் முடியாது என்று சொல்லும் முடிவுக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அவர்கள் சேர்ந்திருக்கும் நடுவர் அமைப்புக்குப் போகலாம். உங்களுக்கு அது இலவசம். ஆஃப்காம் தனிப்பட்ட வழக்குகளைத் தீர்த்து வைப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்காதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் பழைய கம்பெனியின் டைரக்ட் டெபிட்டை உடனே ரத்து செய்யாதீர்கள். கடைசி பில் வரட்டும், திரும்ப வர வேண்டிய காசு இருந்தால் பெரும்பாலும் அதே வழியில் வரும். அந்த பில்லில் லைன் வாடகை எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பாருங்கள். பழைய ரவுட்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பை வந்திருந்தால், தபால் நிலைய ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.